கார்த்திகைப்பூவின் நஞ்சும் கலத்தின் காவலும்

வன்னியில் மாரி பிடித்துச் சில கிழமைகள் போனால் போதும். வெயில் காலம் முழுக்க எங்கே கிடந்ததென்று தெரியாத ஒரு கொடி கிளுவை வேலியைப் பிடித்து ஏறிவிடும். ஏறுவதற்கு அதற்குத் தனியாகத் தந்து கிடையாது. இலை நுனியே சுருண்டு தந்தாகிக் கிளையைப் பற்றிக்கொள்ளும். ஒட்டுசுட்டான் காட்டோரத்திலும் நெடுங்கேணிப் பற்றைகளிலும், ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறக்கையில், அது பூத்து நிற்கும். ஆறு இதழும் பின்னோக்கி வளைந்திருக்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், அதன்பின் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நிறத்திலும் பூவைக் காணலாம்.

இந்தப் பூவுக்கு ஆளுக்கொரு கதை உண்டு. தமிழ்நாட்டுக்கு இது மாநில மலரான செங்காந்தள். சிம்பாப்வேக்குத் தேசியப் பூ. அந்த நாடு தென் ரொடீசியாவாக இருந்த காலத்தில், அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் 1947இல் இளவரசி எலிசபெத்தின் 21ஆவது பிறந்தநாளுக்கு இதே பூவின் வடிவில் ஒரு வைரப் பதக்கம் அனுப்பினார்கள். 2003இல் விடுதலைப் புலிகள் இதைத் தமிழீழத்தின் தேசியப் பூவாக அறிவித்தார்கள். அதன்பின் வன்னியில் இதை வெறும் பூவாகப் பார்ப்பவர் குறைவு, வணங்குபவரும் சரி, சந்தேகிப்பவரும் சரி. அந்தக் கதையை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இங்கே சொல்லப்போவது அம்மம்மாமார் சொல்லிவந்த கதையின் மிச்சம். "பிள்ளை, பூவைப் பாக்கலாம், கிழங்கிலை மட்டும் கை வையாதை" என்பார்கள். கை வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்றைய உயிரியலில் பதில் இருக்கிறது. நம் உடலின் கலங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. கலம் இரண்டாகப் பிரியும்போது எதுவும் பிசகாமல் பார்ப்பது அதன் வேலை. அந்தக் காவலைக் கட்டும் மரபணுக்களில் ஒன்றுக்குப் பெயர் பப்1பி. கார்த்திகைக் கிழங்கின் நஞ்சு போய் மோதுவது இந்தக் காவல் நிற்கும் வாசலில்தான்.

கிழங்கு

மண்ணைக் கிளறினால் கலப்பைக் கொழுவைப் போல வளைந்த கிழங்கு கிடைக்கும். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர். தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்பார்கள். அங்கே மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதைப் பந்தல் போட்டுப் பயிரே செய்கிறார்கள். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டு வைத்துக் காய் பிடிக்கவைத்து, விதையை மருந்துக் கம்பனிகளுக்கு விற்கிறார்கள். நாங்கள் வேலியிலிருந்து பிடுங்கி எறிவது அங்கே கிலோ ஆயிரக்கணக்கில் விலைபோகும் ஏற்றுமதிச் சரக்கு.

விதையிலும் கிழங்கிலும் இருக்கும் சரக்கின் பெயர் கொல்சிசின். ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கொல்சிக்கம் என்ற செடியிலிருந்து 1820இல் பிரான்சில் பெலத்தியே, கவாந்து என்ற இரு வேதியியலாளர் இதை முதலில் பிரித்தார்கள். கார்த்திகைக் கிழங்கிலும் இருப்பது அதே பொருள்தான் என்பது 1915இல் உறுதியானது. இரண்டு செடிகளும் ஒரே குடும்பம் என்பதால் இதில் அதிசயமில்லை. ஆயுர்வேதம் இதை உபவிஷங்களில் ஒன்றாக எப்போதோ எண்ணிவைத்துவிட்டது. சித்த வைத்தியரும் சுத்தி செய்யாமல் இதைத் தொடமாட்டார். பிள்ளைப்பேறு இழுபட்டால் கிழங்கை அரைத்து மேலே பூசும் வழக்கமும் பழைய ஏடுகளில் உண்டு. ஏட்டில் இருக்கிறதே என்று இன்றைக்கு எவரும் அதை வீட்டில் செய்துபார்க்கக் கூடாது.

இலங்கையில் செடிகளால் நஞ்சேறியவர்களைப் பற்றி எழுதிய வைத்தியர்களின் பழைய குறிப்புகளில் இந்தக் கிழங்கு தவறாமல் வரும். பிறகு மஞ்சள் அலரி வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தெரிந்தே உண்டவர்கள் உண்டு. ஆனால் தெரியாமல் உண்டவர்களும் குறைவில்லை. வற்றாளங்கிழங்கு என்றோ வேறு காட்டுக் கிழங்கு என்றோ நினைத்துக் கிண்டி, அவித்து, குடும்பமாக இருந்து சாப்பிட்டவர்கள். அவித்தால் நஞ்சு முறிந்துவிடும் என்ற நம்பிக்கை பல கிழங்குகளுக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கொதிநீர் கொல்சிசினை ஒன்றும் செய்யாது.

1966இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் குணரத்ன என்ற இலங்கை வைத்தியர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கிழங்கைத் தின்ற ஓர் இளம் பெண்ணுக்குச் சில மணி நேரத்தில் கடும் வாந்தி தொடங்கியது. அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைத்து எழும்பிய பிறகுதான் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, தலையில் மட்டுமல்ல, உடம்பு முழுக்க. வயிற்றுக்குள் போன கிழங்கு முடியை ஏன் உதிர்க்க வேண்டும்?

உடலில் எல்லாக் கலங்களும் ஒரே வேகத்தில் பிரிவதில்லை. மூளையின் நரம்புக் கலம் அநேகமாகப் பிரிவதே இல்லை. குடலின் உட்தோல் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை புதிதாகிறது. எலும்பு மச்சை ஒரு செக்கனுக்கு இருபது இலட்சம் செங்குருதிக் கலங்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. முடியின் வேரும் ஓயாமல் பிரியும் இடம். கிழங்கின் நஞ்சு முதலில் குடலைத் தாக்குகிறது, பிறகு மச்சையை, பிறகு முடி வேரை. எங்கே கலம் வேகமாகப் பிரிகிறதோ அங்கே இந்த நஞ்சு விழுகிறது. குணரத்னவின் நோயாளிக்கு உதிர்ந்த முடியே இது எப்படிப்பட்ட நஞ்சு என்பதற்குச் சாட்சி.

கதிர் இல்லாத கலம்

உயர்தரத்தில் உயிரியல் படித்த எவருக்கும் வெங்காய வேர்நுனி ஞாபகம் இருக்கும். சின்ன வெங்காயத்தைத் தண்ணீரில் வேர்விடவைத்து, நுனியை வெட்டி, சாயமூட்டி, கண்ணாடித் தட்டில் நசுக்கி, நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துத் தேடுவோம். முன்னவத்தை, அனுவவத்தை, மேன்முக அவத்தை, ஈற்றவத்தை என்று புத்தகம் வரிசையாகச் சொன்னாலும், தட்டில் அனுவவத்தைக் கலம் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசைகட்டி நிற்கும் கட்டம் அது. சிறிது நேரமே நீடிக்கும் என்பதால் கண்ணில் படுவது அரிது.

அதே வேரைச் சில மணி நேரம் கொல்சிசினில் ஊறவைத்துவிட்டுப் பார்த்தால் தட்டு முழுக்க அந்தக் கட்டத்தில் நின்றுபோன கலங்களாக இருக்கும். நிறமூர்த்தங்கள் தடித்து, தெளிவாக, எண்ணலாம் போலத் தெரியும். ஆனால் வரிசையில் நிற்காமல் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பிடித்து இழுக்க வேண்டிய கதிர்நார்கள் இருக்காது.

இதை முதலில் கண்டவர் சிசிலியின் பலேர்மோவில் இருந்த பெர்னிச்சே. 1889இல், நஞ்சூட்டிய நாய்களின் குடலில் கலங்கள் பிரிவின் நடுவில் நிற்பதை எழுதிவைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கட்டுரையை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1934இல் பிரசல்ஸில் டஸ்டினின் ஆய்வுகூடம் அதையே புதிதாகக் கண்டுபிடித்தது. 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லி ஊமத்தைச் செடியில் கொல்சிசினைப் பூசி நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கினார். பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாவிட்டால் இரண்டு பங்கும் ஒரே கலத்துக்குள் தங்கிவிடும் அல்லவா? யப்பானியர் கிஹாரா அதே உத்தியை வைத்து விதையில்லாத வத்தகப்பழத்தை உண்டாக்கினார். விதையில்லாத வத்தகப்பழத்தை விரும்பி வாங்குபவர்கள், அதன் பூர்வீகத்தில் வேலிக் கார்த்திகைப்பூவின் நஞ்சு இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம். பயப்பட ஒன்றுமில்லை. நஞ்சு பழத்தில் இல்லை, தாய்ச்செடியின் வரலாற்றில்தான் இருக்கிறது.

மனிதனுக்கு எத்தனை நிறமூர்த்தங்கள் என்ற கேள்வியும் இதே நஞ்சால்தான் தீர்ந்தது. 1923இல் பெயின்ரர் 48 என்று எழுதினார். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் எண்ணியவர் எல்லோரும் 48 என்றே எண்ணினார்கள். பெரியவர் சொன்ன எண் கண்ணை மறைத்துவிடும் என்பதற்கு விஞ்ஞானத்தில் இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1955 டிசம்பர் 22ஆம் திகதி, சுவீடனின் லுண்ட் நகரில், யாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர் கொல்சிசின் இட்ட கலங்களைப் பார்த்து எண்ணினார். 46. அல்பேர்ட் லெவானும் அவரும் அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார்கள். 1959இல் பாரிசில், டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு 47 இருப்பது தெரியவந்தது. 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று கூடுதல். சரியான எண் தெரியாமல் கூடுதல் எது என்று எப்படிச் சொல்வது?

கொல்சிசின் எதைப் பிடிக்கிறது என்பது 1967இல் சிக்காகோவில் தெளிவானது. போரிசி, ரெய்லர் இருவரும் கதிரியக்கம் ஏற்றிய கொல்சிசினை விட்டுப் பார்த்தபோது, அது ஒரு குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டியது. பிறகு அதற்குத் தியூபுலின் என்று பெயர் வந்தது. தியூபுலின் மணிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுப் புன்னுண்குழாய் ஆகின்றன. புன்னுண்குழாய்கள் சேர்ந்ததே கதிர். கொல்சிசின் ஒட்டிய மணி அடுக்கில் சரியாகச் சேராது, குழாய் நீளாது, கதிர் எழும்பாது. இந்த ஒட்டுதல் எப்படி நடக்கிறது என்று துருவி ஆராய்ந்தவர்களில் கொல்கத்தா போஸ் நிறுவனத்தின் பாபதாரக் பட்டாசார்யா முக்கியமானவர். தியூபுலினில் ஒட்டியதும் கொல்சிசின் ஒளிரத் தொடங்குகிறது என்று 1974இல் ஜே. வொல்ஃபுடன் சேர்ந்து காட்டினார்.

நிறுத்துவது யார்?

இதுவரை சொன்னதில் ஒரு பொத்தல் இருக்கிறது. பாடப்புத்தகங்களும் அதை அவசரமாகத் தாண்டிவிடும். கொல்சிசின் கலப்பிரிவை நிறுத்துகிறது என்று எழுதுவோம். உண்மையில் கொல்சிசின் செய்வது கதிரை இல்லாமலாக்குவது மட்டுமே. கதிர் இல்லை என்றால் கலம் ஏன் நிற்க வேண்டும்? நிறமூர்த்தங்களை அப்படியே குழப்பத்தோடு விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாமே? போகாமல் நிற்கிறது என்றால் உள்ளே யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது யார் என்று 1991இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன, அதுவும் பாண் புளிக்கவைக்கும் மதுவத்தில். மதுவத்தைக் கொல்சிசின் அவ்வளவாகத் தொடாது. அதனால் பெனோமில் குடும்பத்துப் பங்கசுநாசினிகளைப் பாவித்தார்கள். வெங்காயமும் மிளகாயும் செய்பவர்களுக்குக் காபென்டசிம் என்ற பெயர் பழக்கமாயிருக்கும். பெனோமில் உடைந்து உண்டாவது அதுதான். பங்கசுவின் தியூபுலினைப் பிடிப்பதே இதன் வேலை. நல்ல மதுவத்துக்கு இதைக் கொஞ்சம் கொடுத்தால் பிரிவை நிறுத்திக் காத்திருக்கும், மருந்து விலகியதும் தொடரும். அமெரிக்காவில் அன்ட்ரூ மறே, ரோங் லீ ஒரு பக்கமும் அன்ட்ரூ ஹொய்ற் இன்னொரு பக்கமும், காத்திருக்கத் தெரியாத பிறழ்வு மதுவங்களைத் தேடிப் பிடித்தார்கள். கதிர் இல்லை என்பதைக் கவனியாமல் அவை பிரிந்துகொண்டே போய்ச் செத்தன. அவற்றில் பழுதுபட்டிருந்த மரபணுக்களுக்கு மாட் என்றும் பப் என்றும் பெயரிட்டார்கள். கலச் சுற்றில் இப்படிச் சோதனைச் சாவடிகள் இருக்கவேண்டும் என்று முன்பே வாதிட்ட லீலண்ட் ஹாட்வெலுக்கு 2001இல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

மனிதரிடமும் அதே குடும்பம் இருப்பது 1990களின் பிற்பகுதியில் தெரிந்தது. பப்1பி நம்முடைய 15ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. அது தரும் புரதத்தின் பெயர் பப்ஆர்1, 1050 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு நீண்ட சங்கிலி.

இந்தக் காவலின் வேலை இதுதான். பிரியப்போகும் ஒவ்வொரு நிறமூர்த்தமும் இரட்டையாக நிற்கும். இரண்டையும் ஒட்டிவைத்திருக்கும் பசை ஒரு புரதம். இரட்டையின் மையப்பாத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் கதிர்நார் வந்து கொளுவவேண்டும். எந்த மையப்பாத்தில் இன்னும் நார் கொளுவவில்லையோ, அந்த இடம் ஒரு தகவலை வெளியே விடுகிறது. பப்ஆர்1, மாட்2, பப்3 மூன்றும் கூடி, சிடிசி20 என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சிடிசி20 விடுபட்டால்தான் பசையை வெட்டும் நொதி எழும்பும். பசை வெட்டுப்படும்வரை இரட்டைகள் பிரியா. கடைசிச் சனமும் ஏறி முடியும்வரை "றைட்" சொல்லாத வவுனியா பஸ் கொண்டக்டரைப் போல, 46இல் 45 கொளுவி ஒன்று மட்டும் பாக்கி என்றாலும் காவல் விடாது.

ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருக்கும் என்பது அலங்காரப் பேச்சில்லை. 1995இல் கொன்லி றீடரின் குழு எலிக்கங்காருவின் சிறுநீரகக் கலங்களை எடுத்து, நார் கொளுவாமல் எஞ்சிநின்ற அந்தக் கடைசி இடத்தை லேசர் கதிரால் சுட்டு அழித்தது. எலிக்கங்காருவை ஏன் தேடினார்கள் என்றால் அதன் நிறமூர்த்தங்கள் கொஞ்சம், பெரிது, பார்க்க வசதி. அந்த இடம் போனதும் காத்திருப்பும் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கலம் பிரியத் தொடங்கிவிட்டது, கொளுவாத நிறமூர்த்தத்தையும் இழுத்துக்கொண்டு.

ஆகவே கார்த்திகைக் கிழங்கைத் தின்றவருடைய குடலில் கலங்கள் நிற்பதற்குக் காரணம் நஞ்சு மட்டுமில்லை. கதிரை உடைத்தது நஞ்சு. நிற்கச் சொன்னது பப்1பியும் அதன் கூட்டாளிகளும். ஜியோ 46ஐ எண்ண முடிந்ததும் அவர் கலங்களுக்குள் இந்தக் காவல் விழித்திருந்ததால்தான். அவருக்கு அது தெரியாது. தெரிய இன்னும் 35 வருடம் இருந்தது.

காவல் தளர்ந்தால்

2004இல் இலண்டனில் நஸ்னீன் றஹ்மானின் குழு மிக அரிய ஒரு பிறவி நோயின் காரணத்தைக் கண்டது. பிள்ளை சிறிய தலையோடு பிறக்கும், வளர்ச்சி குன்றும், சிறு வயதிலேயே சிறுநீரகத்திலோ தசையிலோ புற்றுநோய் வரும். குருதியை எடுத்துப் பார்த்தால் ஒரு கலத்தில் 45, இன்னொன்றில் 47, வேறொன்றில் 46 என்று நிறமூர்த்தக் கணக்கு கலத்துக்குக் கலம் மாறும். ஐந்து குடும்பங்களில் பப்1பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதுபட்டிருந்தன. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. பெற்றோர் இருவரும் நல்ல சுகத்தோடு இருப்பார்கள், ஏனென்றால் ஒரு நல்ல பிரதி இருந்தால் சமாளிக்கலாம்.

இந்த நோய் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியது. வன்னியில் யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் இரண்டு பிரதியும் பழுதானால் மட்டும் வரும் நோய்கள் இது போல் எத்தனையோ. முறை மச்சான் மச்சாள் கலியாணத்தில் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும். ஒரே பழுது இரண்டு பக்கத்திலும் ஒளிந்திருக்க வாய்ப்புக் கூடுகிறது. சொத்து வெளியே போகாமல் இருக்கட்டும் என்று கட்டிவைக்கும்போது இந்தக் கணக்கையும் யாராவது சபையில் சொல்லவேண்டும்.

அதே 2004இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் யான் வான் டொய்ர்சன் குழு, பப்ஆர்1 மிகக் குறைவாக உள்ள எலிகளை வளர்த்தது. புற்றுநோய் கொட்டும் என்று காத்திருந்தார்கள். எலிகளுக்கு முதுமை வந்தது. கண்ணில் புரை, வளைந்த முதுகு, மெலிந்த தோல், பாதி ஆயுளில் சாவு. 2013இல் அதே குழு பப்ஆர்1ஐக் கூட்டிவிட்ட எலிகள் கட்டிகள் குறைந்து நீண்டநாள் வாழ்ந்ததாகக் காட்டியது. கூடுதல் பப்ஆர்1 மாத்திரை என்று யாராவது இணையத்தில் விற்க வந்தால் வாங்கவேண்டாம். எலிக்குக் கருவிலேயே மரபணு மாற்றிச் செய்தது அது.

நம் ஊரில் அதிகம் காணும் விடயம் டவுன் சின்ட்ரோம். அது பப்1பி பழுதால் வருவதில்லை, ஆனால் அதே வாசலில் நடக்கும் பிசகு. பெண்ணின் சூல்முட்டைகள் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, ஒடுக்கற்பிரிவின் நடுவில் நிறுத்தப்பட்டு, இருபது, முப்பது, நாற்பது வருடம் காத்திருக்கின்றன. அவ்வளவு காலத்தில் நிறமூர்த்தங்களை ஒட்டிவைத்த பசை தேய்கிறது. முட்டைக்குள் காவலும் மற்றக் கலங்களைப் போல இறுக்கமில்லை, ஒன்றிரண்டு சரியாகக் கொளுவாவிட்டாலும் விட்டுவிடும். அதனால்தான் இருபது வயதுத் தாய்க்கு ஆயிரத்தைந்நூறில் ஒன்று என்ற அளவில் இருக்கும் வாய்ப்பு நாற்பது வயதில் நூறில் ஒன்று ஆகிறது. கிரகணத்தில் வெளியே போனதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகாத சாப்பாடு சாப்பிட்டதற்கும் இல்லை. மாமியார் சொன்னதைக் கேளாததற்கும் இல்லை. தாயைக் குற்றம் சொல்லும் வாய்களுக்கு உயிரியலில் ஓர் ஆதாரமும் கிடையாது.

இந்தப் பிள்ளைகளின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்ப்பது இன்றைக்கும் ஜியோவின் வழியில்தான். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியர் றொகான் ஜயசேகர 1983இல் மனித மரபியல் அலகைத் தொடங்கினார். இத்தகைய இடங்களில் குருதியின் வெண்கலங்களை மூன்று நாள் வளர்த்து, பிரியத் தொடங்கும் நேரம் பார்த்து கொல்சிசினின் உறவுக்கார மருந்து ஒன்றை விடுகிறார்கள். காவல் விழித்து, கலங்கள் நிற்கின்றன. நின்ற கலத்தைப் படமெடுத்து எண்ணுகிறார்கள். கிளிநொச்சியில் பிறந்த பிள்ளையின் குருதி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் போய், தன் வீட்டு வேலியில் பூக்கும் நஞ்சின் தயவால் கணக்குச் சொல்லுகிறது.

பட்டிப்பூ

வன்னி முற்றங்களில் கதிரைத் தாக்கும் இன்னொரு செடியும் உண்டு. அதைப் பார்த்து எவரும் பயப்படுவதில்லை. கோயில் வீதியிலும் சுடலையோரத்திலும் தானாக முளைக்கும் பட்டிப்பூ, தமிழ்நாட்டு நித்தியகல்யாணி. சலரோகத்துக்கு நல்லதென்ற நாட்டு நம்பிக்கையைச் சோதிக்கப்போன கனடியர்கள், அதன் சாறு எலிகளின் வெண்கலங்களைக் குறைப்பதைப் பார்த்தார்கள். றொபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் 1958இல் அதிலிருந்து வின்பிளாஸ்ரினைப் பிரித்தார்கள். பின்னால் வந்த வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. சிறுவர்களின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் தூண். வசதியுள்ள நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

வின்கிறிஸ்ரினும் தியூபுலினைத்தான் பிடிக்கிறது. பிடிக்கும் இடம் மட்டும் வேறு. கதிர் குலைய, காவல் கலத்தை நிறுத்த, நெடுநேரம் நின்ற புற்றுக்கலம் மடிகிறது. புற்றுநோய்க்கு மருந்தேற்றினால் முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் எதனால் என்று இப்போது விளங்கும். வேகமாகப் பிரியும் நல்ல கலத்துக்கும் கெட்ட கலத்துக்கும் மருந்து வித்தியாசம் பார்ப்பதில்லை. குணரத்னவின் நோயாளிக்கு நடந்ததும் மருந்தேற்றிய நோயாளிக்கு நடப்பதும் ஒரே வேதியியல். ஒன்று அளவறிந்து வைத்தியர் கொடுப்பது.

வடக்கின் புற்றுநோயாளர் இந்த மருந்துகளுக்காகப் போவது தெல்லிப்பழைக்கு. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்க்க 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்பூவேயும் நாட்டின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தார்கள். வழிநெடுக ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து நடந்தார்கள். வன்னியைத் தாண்டாமல் பருத்தித்துறைக்குப் போக நிலவழி இல்லை. போர் முடிந்து இரண்டே வருடம் ஆன மண்ணில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரு வைத்தியசாலைக்காக நடந்துபோனார்கள் என்பதை இதற்குள் சொல்லாமல் விட மனமில்லை.

கொல்சிசின் புற்றுநோய்க்கு உதவாது. பிழைக்கவைக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆனால் யூரிக் அமிலம் ஏறிக் காற்பெருவிரல் வீங்கும் கௌட் நோய்க்கு நுண்ணளவில் கொடுக்கிறார்கள். 2023இல் அமெரிக்கா மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அதை அனுமதித்தது. மூலனூர் விவசாயிக்கு அது நல்ல செய்தி. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம், தொழிற்சாலையில் அளந்தது. கிழங்கில் இருப்பதை யாரும் அளக்கவில்லை. மாத்திரை வேலை செய்கிறதே, கிழங்கும் செய்யும்தானே என்று நினைப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

அதனால் கடைசியாக ஒரு வேண்டுகோள். மாரியில் தோட்டம் கிண்டுபவர்களும், காட்டுக் கிழங்கு எடுப்பவர்களும், முற்றத்தில் பிள்ளைகளை விளையாடவிடுபவர்களும் கேளுங்கள். கொடியும் பூவும் காய்ந்துபோன காலத்தில் மண்ணுக்குள் கிழங்கு மட்டும் கிடக்கும், அப்போதுதான் ஆள் மாறும். அடையாளம் நிச்சயமில்லாத கிழங்கை அடுப்பில் வைக்கவேண்டாம். எவராவது தின்றுவிட்டால், உப்புத் தண்ணி கொடுத்து வாந்தி எடுக்கவைத்துக்கொண்டு நிற்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மிச்சக் கிழங்கையும் கையோடு கொண்டுபோய், எத்தனை மணிக்குத் தின்றது என்று சொல்லுங்கள். இதற்கு வழமையாகக் கிடைக்கும் மாற்று மருந்து எதுவும் இல்லை, நேரத்தோடு போவதும் விடாமல் கவனிப்பதுமே சிகிச்சை. முதல் நாள் வாந்தியும் வயிற்றோட்டமும் அடங்கி ஆள் தெளிந்ததுபோல் இருக்கும். அதைப் பார்த்து, கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடாதீர்கள். எலும்பு மச்சையும் சிறுநீரகமும் இதயமும் தளர்வது இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அந்த ஒரு கிழமையும் நோயாளி வாட்டில்தான் இருக்கவேண்டும்.